மாமனார் போடாத வாட்ச்

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. யாரும் சொல்லிக் கிடைத்ததல்ல. கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ். வளைவுக்கு வளைவு எல்லாரும் எல்லார்மேலும் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தோம். என் மூக்குக்கு நேராக ஒரு கை மேல்கம்பியைப் பிடித்திருந்தது. காய்ப்பு ஏறிய, உழைத்த மலைக்காரர் கை. அதில் ஒரு கைக்கடிகாரம். தோல்வாரும் இல்லை, சங்கிலியும் இல்லை. கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மெல்லிய பச்சை நைலான் கயிற்றை இரண்டு பக்கமும் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது.

கயிற்றைப் பார்த்துச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஒரு காலத்தில் சென்னையில் கடிகாரக் கடை ஒன்றுக்கு விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவன் நான். அந்த நீல முகப்பும், சின்ன ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் தங்க நிலாவும் எந்த ரகம் என்று எனக்குத் தெரியும். அதன் விலையும் தெரியும்.*

* விலையைச் சொல்ல மாட்டேன். தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன். ஏன் என்பதை மட்டும் கடைசியில் சொல்கிறேன்.

"டூப்ளிகேட்டா இருக்கும்" என்றாள், வீட்டுக்கு வந்து சொன்னதும், என் மனைவி சுபஸ்ரீ. நான் எழுதுவதை எனக்கு முன்பே சந்தேகிப்பவள். இருக்கலாம். ஆனால் போலி என்று வைத்துக்கொண்டால் கதை அந்த வளைவிலேயே இறங்கிப் போய்விடும். எனக்கு அசல்தான் வேண்டும்.

அந்த மனிதரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அடிவாரத்தில் அவர் இறங்கிப் போய்விட்டார். அதனால் இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. அந்தக் கயிறு மட்டும் அசல்.

2

முதல் தொடக்கம்:

"பளிங்குத் தரையில் காலை வைத்ததுமே காவலாளி கையை நீட்டி அவரைத் தடுத்து—"

அடித்துவிட்டேன். இது உங்களுக்கு மனப்பாடம். வேட்டி கட்டிய விவசாயியைக் கடைக்காரன் கேவலமாகப் பார்ப்பான், அவர் மஞ்சப்பையிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்து வைப்பார், கடைக்காரன் முகம் சுருங்கும். வாரம் ஒருமுறை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. என் பெரியப்பா தவறாமல் கைதட்டுவார்.

இரண்டாம் தொடக்கம்:

"காலம் என்பது—"

இதைப் படித்துவிட்டுச் சுபஸ்ரீ ராத்திரி சாப்பாட்டுக்கு நீங்களே வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மூன்றாவது:

"ஆதிமூலத்துக்கு மாமனார் வாட்ச் போடவில்லை."

ஆங். இது உட்காருகிறது. இங்கிருந்தே போவோம்.

3

ஆதிமூலத்துக்கு மாமனார் வாட்ச் போடவில்லை. ஆதிமூலம் வடக்கனந்தலில் மாட்டுத் தரகர். அவர் பெண்டாட்டி பெரியநாயகி திருக்கோவிலூர்ப் பக்கம். கதை அவளுடையது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தத்தில் அவள் அப்பா அய்யனார், வெற்றிலைத் தட்டைக் கையில் பிடித்தபடி, சபை நடுவில் "மாப்புள்ளைக்கு வாட்ச் போட்றேன்" என்று சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் வாய் தானாகச் சொன்னது. அந்த வருஷம் மழை ஏமாற்றியது, கரும்பு காய்ந்தது, வாட்ச் வரவில்லை. அடுத்த வருஷம் என்றார். அதற்கும் அடுத்த வருஷம் என்றார். கடைசியில் அவரே போய்ச் சேர்ந்தார்.

ஆதிமூலம் இதைப் பற்றி ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை. விட்டவள் அவருடைய அக்கா லட்சுமியம்மாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எந்தப் பந்தலாக இருந்தாலும் சரி, யாராவது "மணி இன்னா ஆவுது?" என்று கேட்கவேண்டியதுதான்.

"எந் தம்பிய மட்டும் கேக்காதீங்க. அவனுக்குத்தான் மாமனார் வூட்ல வாட்சே போடலியே!"

பந்தலே சிரிக்கும். ஆதிமூலமும் சிரிப்பார். பெரியநாயகியும் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்த் தேவையில்லாமல் ஓர் அண்டாவைத் தேய்ப்பாள். செத்துப்போன மனுஷன், அவர் சொன்ன ஒரே ஒரு சொல், இன்னும் பந்தலுக்குப் பந்தல் நின்று சிரிப்பு வாங்கிக்கொண்டிருக்கிறதே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். யாரிடம் சொல்வது? சொன்னால், "தமாஷுக்குச் சொன்னா இப்டியா எடுத்துப்ப?" என்பார்கள்.

(இந்த லட்சுமியம்மாளை இவ்வளவு கெட்டவளாக்க வேண்டுமா என்று சுபஸ்ரீ கேட்டாள். கெட்டவள் இல்லை, ஒரு தமாஷ் நன்றாகப் போகிறது என்று தெரிந்தால் விடாத ஜாதி, உன் சின்ன அத்தை மாதிரி என்றேன். பேச்சு அத்தோடு நின்றது.)

[பணம் எங்கிருந்து வந்தது? புதையல்— வேண்டாம். லாட்டரி— இங்கே கிடையாது.]

நிலம். அய்யனாரின் நிலம் புறவழிச்சாலைக்குப் போயிற்று. நஷ்டஈட்டில் பெண் பங்கு பெரியநாயகி பேரிலேயே பேங்கில் விழுந்தது. எவ்வளவு என்பதைச் சென்னையில் வேலை பார்க்கும் மகள் சந்தியாவிடம் மட்டும்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒங்கப்பாவுக்கு வாட்ச் வாங்கணும். ஒலகத்துலயே பெருசு எதுவோ அது" என்றாள்.

"யம்மா, ஆயிரம் ரூபாய்க்கே நல்ல வாட்ச் வருதும்மா."

"முப்பது வருசம் லேட்டுடி. லேட்டா குடுக்குறவங்க பெருசாத்தான் குடுக்கணும்."

சந்தியா படித்தவள்தான். இருந்தும் அன்றைக்கே வாட்ச் கடை தேட ஆரம்பித்தாள்.

4

சென்னை. முதலில் போன பெரிய கடையில் காவலாளி தடுத்தாரா? இல்லை. கதவைத் திறந்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். வடக்கனந்தல் என்றதும், "நான் சின்னசேலம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவமானத்துக்காகக் காத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.

உள்ளே சோபா இருந்தது, ஏசி இருந்தது, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருந்தது. வாட்ச் மட்டும் இல்லை. காட்டியதெல்லாம் பார்ப்பதற்குத்தானாம். வாங்க வேண்டுமென்றால் பேர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் கடையில் வேறு ஒன்றிரண்டு வாங்கி வைத்தால் கொஞ்சம் சீக்கிரம் வருமாம். விற்பனைப் பெண் இதைத் தேன் தடவிச் சொன்னாள்.

பெரியநாயகிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ரேஷன்ல சக்கர வேணும்னா டீத்தூளு வாங்கணுங்கிற கத. அதானே?"

சந்தியா தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்து, முடியாமல் சிரித்துவிட்டு, "ஆமாங்கம்மா, அதேதான்" என்றாள்.

அப்படித்தான் தீனதயாளனிடம் வந்து சேர்ந்தார்கள். பணக்காரர்கள் கட்டி அலுத்த கடிகாரங்களை வாங்கி விற்கிற வியாபாரி. மாடியில் கடை. முப்பத்தைந்து வயசு இருக்கும். "கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ்" என்பதை மூச்சுக்கு மூச்சு சொல்வார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வெல்வெட் தட்டில் நீல முகப்பை வைத்து நீட்டினார்.

"இதுல நிலா நகரும்மா. அமாவாசை, பௌர்ணமி எல்லாம் காட்டும்."

"மணி காட்டுமா?"

"காட்டும்மா."

"அப்ப சரி."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரியநாயகி வாழ்க்கையில் பெரிய பொருள் என்று பேசி வாங்கியது மாடு ஒன்றுதான். தரகர் ஆதிமூலம்தான் என்றாலும், மாட்டின் மயிர்ச்சுழி ராசியான இடத்தில் இருக்கிறதா என்று சுழி பார்க்க அவரே இவளைத்தான் கூப்பிடுவார். ஆகவே மாடு எப்படி வாங்குவாளோ அப்படியே வாட்சையும் வாங்கினாள். வேறு வழி அவளுக்குத் தெரியாது.

முதலில் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே சின்னச் சக்கரம் ஒன்று இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் முகம் மலர்ந்தது. "சந்தியா, சுழி பாருடி! நல்ல எடத்துல கீது."

பிறகு, "யாரு வூட்டுது தம்பி? எதுக்கு விக்கிறாங்க?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

"அப்ப வேணாம்." எழுந்துவிட்டாள்.

"அம்மா, அம்மா! பேர் சொல்ல முடியாதும்மா."

"பேரு எனக்கு எதுக்கு? காரணம் சொல்லு. சாவு வுழுந்த வூடா, நோவு நொடியா, அழுதுக்கினு அவுத்துவுட்டாங்களா? அழுத கண்ணோட அவுத்துவுட்டது எந்தக் கட்டுத்தறியிலயும் நிக்காது."

தீனதயாளன் சந்தியாவைப் பார்த்தார். சந்தியா கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பேர் சொல்லாமல் கேட்டார். மறுமுனையில் ஒரு சிரிப்பு. "இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கிட்டேன் சார். ரெண்டு எதுக்குன்னு வீட்ல சத்தம். அதான் வித்தேன்."

பெரியநாயகி மறுபடி உட்கார்ந்தாள். "பெருசு வாங்க சின்னத வித்தது. வளர்ற வூடு. நல்லது."

"அப்ப பில் போட்டுடலாமாம்மா?"

"இரு தம்பி. கறவ மாடு வாங்குனா காலைல ஒரு வேள, சாயங்காலம் ஒரு வேள கறந்து பாத்துதான் வாங்குவோம். இதயும் சாயங்காலம் வரிக்கும் பாக்குறேன்."

பார்த்தாள். வெல்வெட் தட்டுக்குப் பக்கத்தில் தன் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிச்சோறு, வேர்க்கடலைத் துவையல். ஏசி அறை முழுக்க வாசனை அடித்தது. தீனதயாளன் கையுறையைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, கொஞ்சம் பசியோடு, அவரும் சாப்பிட்டார். அன்றைக்கு வந்த வேறொரு வாடிக்கையாளர் இதைப் பார்த்துவிட்டு, இந்தக் கடையில் சாப்பாடும் போடுகிறார்களா என்று கேட்டார்.

சாயங்காலம் வாட்சும் போனும் ஒரே மணி சொல்லின. "ஒதைக்கல, ஒதுங்கல. நல்ல உருப்படி" என்றாள். பேரமும் பேசினாள். பேரம் பேசாமல் வாங்கினால் வாங்கின மாதிரியே இருக்காது என்பதால் பேசினாள். அவரும் மரியாதைக்குக் கொஞ்சம் இறங்கினார்.

பணம் பேங்கிலிருந்து போய்ச் சேர்ந்தது. தீனதயாளன் பெட்டிக்கு ரிப்பன் கட்டி இரண்டு கையாலும் நீட்டினார். பெரியநாயகி ரிப்பனை அவிழ்த்தாள்.

"வாரக் கழட்டு தம்பி."

"ஏம்மா? அசல் முதலைத் தோலும்மா!"

"எந்தத் தோலா இருந்தா இன்னா? மாட்டக் குடுத்தாலும் கயிறக் குடுக்கக் கூடாது. கயிறோட அந்த வூட்டு லட்சுமியும் வந்துடும். நாம நல்லா இருக்கணும்னு இன்னொரு வூட்டக் காலி பண்ணலாமா? அவுருக்கே அனுப்பிடு."

"வாரு இல்லாம போனா பின்னாடி விக்கும்போது மதிப்பு கம்மியாயிடும்மா."

"யாரு விக்கப் போறா?"

"சரிம்மா, நானே கடையில வச்சுக்குறேன்."

"நீ தரகு. ஒனக்கு எதுக்குக் கயிறு?"

சொல்லிவிட்டு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு புதுக் கயிற்றை எடுத்தாள். மஞ்சள் நைலான். கள்ளக்குறிச்சிக் கயிற்றுக்கடையில் அதற்கென்றே வாங்கியது. வாங்குகிறவர்கள்தான் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். தீனதயாளன் எத்தனையோ பயிற்சி வகுப்புக்குப் போனவர். கயிறு பற்றி எவரும் சொல்லித்தரவில்லை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவரே கோத்தார். கோத்துவிட்டுத் தள்ளிவைத்துப் பார்த்தார்.

"நீலத்துக்கு மஞ்ச நல்லாத்தான்மா இருக்கு" என்றார், அவருக்கே ஆச்சரியமாக.

 முதலை வாரைத் திரும்பப் பெற்றவர் என்ன நினைத்தார்? அதைத் தனி அத்தியாயமாக எழுதிப் பார்த்தேன். அவர் உருகிப்போய் வடக்கனந்தலுக்குக் காரில் கிளம்பிவிட்டார். பாதி வழியில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கதையில் ஏற்கெனவே ஆள் ஜாஸ்தி.

5

லட்சுமியம்மாளின் பேரனுக்குக் காதுகுத்து. வடக்கனந்தலில் பந்தல். ஆதிமூலம் தோளில் துண்டோடு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கைய நீட்டுங்க" என்றாள் பெரியநாயகி.

"எதுக்கும்மே?"

"நீட்டுங்கன்றேன்ல."

நீட்டினார். மஞ்சள் கயிற்றைச் சுற்றினாள். இளவட்டங்கள் சும்மா இருக்குமா? "மூணு முடிச்சு போடு பெரிம்மா! அவுரு ஓடிப்புடப் போறாரு!" என்று கத்தினார்கள். கெட்டிமேளம் கேட்டான் ஒருவன். அவளும் விடாமல் மூன்று முடிச்சே போட்டாள்.

(சுபஸ்ரீ: "இதுக்கு விளக்கம் கிளக்கம் எழுதிடாதீங்க." எழுதவில்லை.)

பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பி, நாத்தனாரைப் பார்த்து, சொல்ல வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். வந்தது இவ்வளவுதான்:

"எங்கப்பன் போட்ட வாட்ச்சு அண்ணி. அவுரு நெலத்துக் காசு. லேட்டாயிட்டுது. வந்துட்டுது."

லட்சுமியம்மாள் வெற்றிலையை மென்றபடி தம்பியின் கையைப் பார்த்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

"தம்பி, மணி இன்னாடா?"

ஆதிமூலம் கையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, முள்ளைத் தேடிப் பிடித்துச் சொன்னார். "பத்தே கால்க்கா."

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாருடி மனுசன்" என்றாள் லட்சுமியம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் வாய வச்சிக்கினு சும்மா இல்லாம..."

பெரியநாயகி அங்கேயே நின்று ஓவென்று அழுதாள். சந்தோஷமாக அழுதாள். அப்பா போனபோது அழுததில் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது, அதையும் சேர்த்து அழுதாள். அன்றைக்குச் சாப்பாடு முடிவதற்குள் லட்சுமியம்மாளே தம்பியிடம் எத்தனை தரம் மணி கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

விலையை மட்டும் பெரியநாயகி புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் கட்டமாட்டார், பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். "பழசுதான், ஒருத்தரு கட்டுனது" என்று மட்டும் சொன்னாள். பழசு என்றால் கம்மி விலை என்று அவர் எடுத்துக்கொண்டார். மாட்டில் அப்படித்தான்.

6

கதையை இங்கே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. நாத்தனாரும் அழுதாயிற்று, தம்பி பெண்டாட்டியும் அழுதாயிற்று, பேரனும் காது குத்தியதில் அழுதாயிற்று.

ஆனால் நான் பஸ்ஸில் பார்த்த கயிறு பச்சை.

மஞ்சள் இல்லை. முதல் பக்கத்தில் பச்சை என்று எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள். அதை மஞ்சள் என்று மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. சுபஸ்ரீகூட, "மாத்திடுங்க, போய்ப் படுக்கலாம்" என்றாள். என் கதையில் அசல் என்று இருப்பதே அந்தக் கயிறு ஒன்றுதான். அதையும் மாற்றினால் அப்புறம் எனக்கு என்ன மரியாதை? தவிர, அந்தக் கை ஆதிமூலத்தின் கை இல்லை. மலைக்காரர் கை. ஆக, எப்படியோ வாட்ச் வடக்கனந்தலிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறியாக வேண்டும். மஞ்சள் போய்ப் பச்சை வந்தாக வேண்டும்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எனக்கே பகீரென்றது. வழி முன்னாலேயே இருந்தது.

7

ஆதிமூலம் வெள்ளிமலைக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். மறுநாள் டாடா ஏஸ் ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் ஒரு ஜோடி மலைக்காளை. சின்னக் கொம்பு, மினுமினுப்பான தோல், கண்ணில் மை தீட்டினது போலக் கறுப்பு. தெருவே கூடிவிட்டது.

"இந்தாம்மே, வந்து சுழி பாரு!" ஆதிமூலம் வண்டியிலிருந்து குதித்தார். அந்த வயசில் அவர் குதித்து அவள் பார்த்ததில்லை.

பெரியநாயகி சுழி பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கையில் மஞ்சள் கயிறு இருந்தது. கயிறு மட்டும்.

"வாட்ச் எங்க?"

"அதச் சொல்லத்தான் வர்றேன், கேளு." பூரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நம்ம வேடியப்பன் இல்ல, வெள்ளிமலையில? பவர் டில்லர் வாங்கிட்டானாம். காள சும்மா நிக்குதுன்னான். எத்தினி வருசமா கண்ணு வச்ச ஜோடி இது! வெல பேசத் துண்டப் போட்டு அடியில வெரலப் புடிச்சோம். புடிச்சவன் வெல பேசாம மேல தடவுறான். 'இன்னா தரகரே கையில?'ன்றான். துண்ட எடுத்துப் பாத்தான். செல்லு போடாம ஓடும், நெலா தெரியும்னு சொன்னேன். அவ்ளோதான், கண்ண எடுக்கல அவன். 'இதக் குடு, ஜோடிய ஓட்டிக்கினு போ'ன்னான்."

"குடுத்துட்டீங்களா?"

"குடுக்காம? ஒரு பழைய வாட்ச்சுக்கு ஒரு ஜோடி காள! எவன் குடுப்பான்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாரும்மே. ஒங்கப்பன் சீரு எங் கையில இருந்தா பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் தெரியும். கட்டுத்தறியில ஜோடியா நின்னா ஊருக்கே தெரியும். இனிமே இது எங்க மாமனாரு காள. அப்டித்தான் கூப்புடப் போறேன்."

இந்த மனுஷன் இதை அவளுக்காகச் செய்திருக்கிறார். அவள் அப்பன் பேருக்காகச் செய்திருக்கிறார்.

"அப்பால, முக்கியமா ஒண்ணு." மஞ்சள் கயிறு கட்டிய கையை அவள் முன்னால் ஆட்டினார். "கயிறக் குடுக்கல! அவன் பச்சக் கயிறு எடுத்தாந்து கோத்துக்கினான். நம்ம லட்சுமி நம்மகிட்டதான்."

நாலு வீடு தள்ளியிருந்து லட்சுமியம்மாள் ஓட்டமாக வந்தாள். காளைகளைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். "அய்யனாரு வூட்டுக் காளயா? அம்சமா கீதுடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

அந்த ஒரு வாட்சுக்குக் கல்வராயன் மலையில் இருக்கிற காளைகளில் பாதியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இது தெரிந்தவர்கள் பெரியநாயகியும், சந்தியாவும், தீனதயாளனும், நானும். இப்போது நீங்களும்.

8

முடிவுகள்.

ஒன்று. பெரியநாயகி விலையைச் சொல்கிறாள். ஆதிமூலம் அப்படியே தரையில் உட்கார்கிறார். இந்த வட்டாரத்தில் பேரத்தில் தோற்காத தரகர் அவர்தான். இனி யார் துண்டுக்குள்ளும் கைவிட அவருக்குத் தைரியம் வராது. இருந்தாலும் மலை ஏறிப் போகிறார். வேடியப்பன் நல்ல மனுஷன், கேட்டால் கொடுத்துவிடுவார். கொடுத்தபின், வெள்ளிமலையில் ஏதாவது ஒரு பந்தலில் யாராவது மணி கேட்பார்கள். "வேடியப்பன மட்டும் கேக்காதீங்க. தரகரு குடுத்த வாட்ச்சப் புடுங்கிக்கினு போயிட்டாரு!" என்று ஒரு லட்சுமியம்மாள் அங்கேயும் இருப்பாள். பந்தலே சிரிக்கும்.

இதைப் பெரியநாயகியால் தாங்க முடியாது. சொன்ன சொல் நிற்காமல் போனால் ஒரு வீடு எத்தனை வருஷம் அண்டா தேய்க்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இரண்டு. அவள் சொல்வதே இல்லை. ஆதிமூலம் சாகிறவரை, தன் வாழ்நாளின் மிகப் பெரிய பேரம் இதுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் பொய்யும் இல்லை.

மூன்று. ஒரு செவ்வாய்க்கிழமை பெரியநாயகி தனியாக வெள்ளிமலை பஸ் ஏறி, வேடியப்பன் வீட்டு வாசலில் போய் நின்று—

இதை எழுத முடியவில்லை. போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாள். அவளுக்குக் காளைக்குத் தண்ணி காட்டுகிற வேலை இருக்கிறதாம்.

அந்த வேலையில் இருக்கும்போதுதான் போன் அடித்தது. தீனதயாளன்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ரெண்டு கேள்விம்மா. திருப்தியா இருக்கீங்களா?"

பெரியநாயகி பார்த்தாள். ஆதிமூலம் இரண்டு காளைக்கும் நடுவில் நின்று ஒன்றின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். கையில் மஞ்சள் கயிறு. வேலியோரம் லட்சுமியம்மாள் யாருக்கோ அய்யனாரின் பெருமையை அளந்துகொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்பாவின் பேர் இப்படி வந்ததே இல்லை. வாங்கப் போனது இதைத்தானே?

"ரொம்பத் திருப்தி தம்பி" என்றாள். சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கியும் நிற்கவில்லை.

"சாரோட ஒரு போட்டோ அனுப்புறீங்களாம்மா? வாட்ச் கட்டின கையோட?"

"யாரும்மே போன்ல?" என்று ஆதிமூலம் காளைக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார். "வாட்ச்சுக் கடக்காரனா? அந்தப் பழசு இன்னா வெலன்னு கேளு, எவ்ளோ லாபம்னு பாப்போம்!"

அவள் வாயைத் திறந்தாள்.

9

அங்கேயே விட்டுவிட்டேன். திறந்த வாய் திறந்தபடி இருக்கட்டும்.

இப்போது தொடக்கத்தில் விலைக்குப் போட்ட நட்சத்திரக் குறிக்கு வருவோம். ஆதிமூலம் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். டீக்கடையில் கிடக்கிற எந்தக் காகிதத்தையும் விடமாட்டார். இந்தக் கதையும் ஒரு நாள் அவர் கையில் கிடைக்கும். நல்ல வாட்ச், ஜாஸ்தி விலை என்று நான் எத்தனை எழுதினாலும், "ஒரு ஜோடி காளைய வுடவா?" என்று சிரித்துவிட்டுப் போவார். விலையை எண்ணில் போட்டால்தான் அவர் மனசு உடையும். அதனால்தான் போடவில்லை.

(நானாகக் கட்டிய ஆளுக்கு நானே பயப்படுவதா என்கிறாள் சுபஸ்ரீ. ஆமாம்.)

ஆரம்பத்தில் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். பஸ்ஸில் அந்த மலைக்காரரிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை என்பது போல எழுதினேன். கேட்டேன். விலை நாக்கு நுனியில் நின்றது. "ஐயா, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பிக்கத்தான் இருந்தேன். கடைசி வளைவில் பஸ் சாய்ந்தபோது, "மணி எத்தனைங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கம்பியை விட்டுவிட்டுக் கையைத் திருப்பினார். விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பச்சைக் கயிற்றை விரலால் ஒதுக்கி, முகப்பைச் சட்டையில் ஒருதரம் துடைத்து, நிதானமாகப் பார்த்துச் சொன்னார். அப்படி மணி சொன்ன மனுஷனை நான் பார்த்ததே இல்லை. சொல்லிவிட்டு, "நெலாகூடத் தெரியும் சார், பாருங்க" என்று என் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்.

நீங்களும் ஒரு நாள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுவீர்கள். விலையைப் போனில் தேடி எடுக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அந்தக் கை உங்கள் மூக்குக்கு நேராக வந்து கம்பியைப் பிடிக்கும். நான் மணி கேட்டேன். நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.